உகாயும் அராக்கும்: முத்துக்குளித்துறையின் கொல்லை மறந்த மரம்

முத்துக்குளித்துறையின் வரலாறு பெரும்பாலும் இரண்டு பொருள்களைச் சுற்றியே எழுதப்பட்டு வந்துள்ளது. கடலுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட முத்து ஒன்று. கடல்வழியே வந்திறங்கிய குதிரை மற்றொன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்கோ போலோ, ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய மேலைத் துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் காயலில் வந்து தங்குவதாக எழுதினார். அவருக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் பின்னர், கொற்கையிலும் பழையகாயலிலும் நிலத்தை அகழ்ந்து பார்த்த கால்டுவெல், சீனப் பீங்கான் ஓடுகளும் அரபு நாட்டு மட்கலச் சில்லுகளும் காயலில் கிடைத்ததை 1881இல் வெளியான தம் திருநெல்வேலி வரலாற்றில் பதிவு செய்தார். அன்று முதல் இன்றுவரை காயலைப் பற்றி எழுதுவோர் முத்தையும் குதிரையையும் பீங்கானையும் விட்டு அதிகம் விலகியதில்லை.

மட்கலம் உடைந்தாலும் சில்லாக மிஞ்சும். மரத்துக்கு அந்தப் பேறு இல்லை. ஆகவே இக்கரையில் வாழ்ந்த மக்கள் தம் வீட்டைச் சுற்றி எதை வளர்த்தனர், எதை வேலிக்கு அப்பால் விட்டுவைத்தனர் என்ற வினா வரலாற்றாசிரியரின் மேசைக்கு வருவதே அரிது. வந்திருந்தால், ஒரு மரத்தைப் பற்றியேனும் சுவையான விடை கிடைத்திருக்கும். அம்மரம் பழந்தமிழில் உகாய் எனவும் பின்னர் உகா எனவும் பெயர் பெற்றது. அரபியில் அதற்கு அராக் என்று பெயர். மிஸ்வாக் என நாம் அழைக்கும் பற்குச்சியைத் தரும் மரம் இதுவே.

மிஸ்வாக் என்றால் அது அரபு நாட்டுப் பொருள் என்பதே நம்மில் பலரின் எண்ணம். உம்ரா சென்று திரும்புவோர் பேரீச்சம்பழத்தோடும் ஸம்ஸம் நீரோடும் சேர்த்துக் கொண்டுவரும் அன்பளிப்பாகவோ, பள்ளிவாசல் முன்னுள்ள கடையில் பிளாஸ்டிக் உறைக்குள் அடைபட்ட பொருளாகவோதான் அதை நாம் அறிவோம். பழையகாயல், புன்னைக்காயல் கழிமுகத்தில் அலையாத்திச் செடிகள் முடியும் விளிம்பில், உவர்மண்ணில், தாழ்ந்து தொங்கும் கிளைகளோடு நிற்கும் ஒரு புதர்மரத்தின் வேரும் அதுவும் ஒன்றே என்பதை அறிந்தோர் சிலரே. அந்த மரம் யாரும் கொண்டுவந்து நட்டதன்று. அரபுக் கப்பல் எதுவும் இக்கரையைத் தொடுவதற்கு முன்னரே அது இங்கே நின்றிருந்தது. இதற்குச் சான்று நம் சங்க நூல்களிலேயே உள்ளது.

அச்சான்றுக்குச் செல்லுமுன் நாட்டு மரம் என்பதன் பொருளைச் சற்றுத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். துறைமுக நகர்களின் கொல்லைகள் எப்போதும் கலப்பானவை. காயல் மக்கள் தெம்புல் என்னும் இலையை ஓயாமல் மெல்லுவதையும், செல்வர் அதனைக் கற்பூரமும் வாசனைப் பொருளும் சுண்ணாம்பும் சேர்த்துச் சுவைப்பதையும் மார்கோ போலோ வியந்து குறிப்பிடுகிறார். தாம்பூலம் என்ற சொல்லே அவர் காதில் தெம்புல் என விழுந்திருக்கிறது. பழையகாயலுக்கு அருகிலுள்ள ஆத்தூர் இன்றும் வெற்றிலைக்குப் பெயர்பெற்ற ஊராதலால், இக்குறிப்பைப் படிக்கும் நெல்லைச் சீமையினர் புன்முறுவல் பூப்பர். ஆயினும் வெற்றிலைக் கொடியின் தாயகம் தென்கிழக்காசியத் தீவுகள் என்பதே தாவரவியலார் முடிவு. புளியின் கதை இன்னும் வேடிக்கையானது. அரபியர் அதற்கு தமர் ஹிந்தி, அதாவது இந்தியப் பேரீச்சை, என்று பெயரிட்டனர். அப்பெயரே ஐரோப்பிய மொழிகளுக்கும் சென்றது. மரமோ ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. கொய்யா, பப்பாளி, அன்னாசி, மிளகாய் ஆகியவை போர்ச்சுகீசியர் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்தவை. மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் நிற்கும் பெருத்த பெருக்கமரத்தை அரபு வணிகர் கொண்டுவந்து நட்டனர் என்பது அவ்வூர் வழக்கு. அதன் தாயகம் ஆப்பிரிக்கா என்பதில் ஐயமில்லை.

வந்த மரங்களை வெறுக்க வேண்டியதில்லை. புளியும் மிளகாயும் இல்லாத சமையலை நம் வீட்டார் ஏற்கமாட்டார்கள். நான் சொல்ல விரும்புவது வேறு. வெளியிலிருந்து வந்தவற்றையெல்லாம் நம்முடையவை என்று கொல்லைக்குள் ஏற்றுக்கொண்ட நாம், தொன்றுதொட்டு இங்கேயே நின்ற ஒன்றை அயல்நாட்டுப் பொருள் என்று எண்ணி விலைகொடுத்து வாங்குகிறோம். இந்தத் தலைகீழ் நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதே கேள்வி.

முதலில் தமிழ்நூல் அடுக்கைப் பார்ப்போம். குறுந்தொகையின் 274ஆம் பாடல் உருத்திரனார் பாடிய பாலைத்திணைப் பாட்டு. அதில் உகாய் மரத்தின் மங்கிய அடிமரம் புறாவின் முதுகுக்கு உவமிக்கப்படுகிறது. உதிரும் அதன் செறிந்த கனிகள் இறாலின் முட்டைகளை ஒத்திருப்பதாகப் புலவர் கூறுகிறார். பாலைநிலத்து மரத்துக்கு நெய்தல்நிலத்து உவமை! இறால் முட்டையைக் கண்ணால் கண்டு பழகியவரே இப்படி எழுத இயலும். உகாய் வறண்ட உள்நாட்டிலும் வளரும், கடற்கரை உவர்நிலத்திலும் வளரும் என்ற உண்மையை அறியாதவருக்கு இந்த உவமை பொருந்தாததாகவே தோன்றும். மரத்தை நேரில் கண்டவருக்கு அதில் வியப்பில்லை.

அப்பாடலில் இன்னொரு செய்தியும் உண்டு. வழிப்போக்கரை எதிர்நோக்கி வில்லோடு மரக்கிளையில் ஏறியமர்ந்த வன்கண் ஆடவர், நீர்வேட்கையைத் தணித்துக்கொள்ள நாரை மெல்லுகின்றனர். எம்மரத்தின் நார் என்று புலவர் விரித்துச் சொல்லவில்லை. எனினும் ஏறியமர்ந்திருக்கும் மரத்தின் நாரே என்று கொள்வதுதான் இயல்பான பொருள். உகாயின் வேரையோ இளங்கிளையையோ மென்றவர்க்கு அதன் நார் தூரிகைபோல் பிரிவதும், வாயில் காரம் பரவி எச்சில் ஊறுவதும் தெரியும். உலர்ந்த வாயை நனைக்க அது உதவியிருக்கும். இங்கே பல் துலக்கும் செய்தி இல்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்லி மகிழ்வது ஆராய்ச்சியாகாது. ஆனால் இம்மரத்தின் நாரை மெல்லும் வழக்கம் தமிழகத்துக்கு இரவலாக வந்ததன்று என்ற அளவுக்கு இப்பாடலைச் சான்றாகக் கொள்ளலாம்.

நற்றிணையின் 66ஆம் பாடல் மேலும் நுட்பமானது. உகாயின் காய் மிளகு பெய்தாற்போன்ற சுவையுடையது என்கிறது அது. அக்காயைத் தின்ற புறா, காரம் தாளாமல் புள்ளிகள் விளங்கும் தன் கழுத்தைச் சுழற்றி, வெம்புழுதி படிந்த வழியில் நின்று வருந்துகிறதாம். உடன்போக்கில் சென்ற மகள் நடந்துபோகும் பாதையின் கொடுமையைத் தாய் நினைந்து வருந்தும் இடத்தில் இந்தப் புறா வருகிறது. மிளகுச் சுவை என்பது வெறும் கற்பனையன்று. கடுகுக்குக் காரம் தரும் பொருள்களின் இனத்தைச் சேர்ந்த பென்சைல் ஐசோதயோசயனேட் என்னும் வேதிப்பொருள் இம்மரத்தில் இருப்பதை இக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. நுண்ணுயிர்களைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆங்கிலத்தில் இம்மரத்தைக் கடுகுமரம் என்றும் சொல்வர். இன்ஜீலில் ஈஸா (அலை) அவர்கள் உவமையாகக் கூறியதாக வரும் கடுகுமரம் இதுவாக இருக்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டில் சிலர் வாதிட்டதும் உண்டு.

இனி அரபு நூல்களின் அடுக்கு. தாவரங்களைப் பற்றி அரபியில் எழுந்த நூல்களுள் முதன்மையானது அபூ ஹனீஃபா அத்தீனவரி எழுதிய கிதாபுந் நபாத் என்பது. (நால்வருள் ஒருவரான இமாம் அபூ ஹனீஃபா வேறு, இவர் வேறு. இவர் ஹிஜ்ரி 282இல், கி.பி. 895இல் மறைந்தவர்.) பல் துலக்கக் கொள்ளப்படும் மரக்கிளைகளுள் அராக்கே சிறந்தது என்றும், அதனை மேய்ந்த கால்நடைகளின் பால் நறுமணமுடையது என்றும் அவர் கூறியதை லிஸானுல் அரப் அகராதி எடுத்துக்காட்டுகிறது. அராக்கின் கனிக்குப் பொதுவாக பரீர், பசுங்காய்க்கு மர்து, பழுத்த கனிக்கு கபாஸ் என்று அரபியர் தனித்தனிப் பெயர் வைத்திருந்தனர். ஒரு மரத்தின் கனிக்கு அதன் பருவந்தோறும் பெயர் வைப்பவர்கள் அதனோடு நெருங்கி வாழ்ந்தவர்களாகவே இருக்கவேண்டும்.

அந்த நெருக்கத்தைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. மக்காவுக்கு அருகிலுள்ள மர்ருழ் ழஹ்ரான் பள்ளத்தாக்கில் தோழர்கள் கபாஸ் பறித்துக்கொண்டிருந்தபோது, கறுத்திருப்பவற்றைப் பறியுங்கள், அவையே சிறந்தவை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். தாங்கள் ஆடு மேய்த்திருக்கிறீர்களா என்று தோழர்கள் வினவ, ஆடு மேய்க்காத நபி உண்டா என்று திருப்பிக் கேட்டார்கள். இதனை அறிவிப்பவர் ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி). எந்தக் கனி இனிக்கும் என்பது மேய்ச்சல் நிலத்தில் அலைந்தவர்க்கே தெரியும் என்பதைத் தோழர்கள் உடனே ஊகித்துக்கொண்டதுதான் இதில் நோக்கத்தக்கது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அராக் மரத்திலேறிப் பற்குச்சி பறித்தபோது காற்றில் ஆடை விலகி அவர்களின் மெல்லிய கால்கள் தெரிந்தன. தோழர்கள் நகைத்தனர். மீஸான் தராசில் அக்கால்கள் உஹது மலையினும் கனமானவை என்று நபிகள் (ஸல்) அவர்கள் கூறியதாக முஸ்னது அஹ்மதில் வருகிறது. மரத்திலேறி நாரை மென்ற குறுந்தொகையின் மறவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நோக்கங்கள் வேறு, ஏறிய மரம் ஒன்று.

திருக்குர்ஆனில் ஸபா நாட்டின் தோட்டங்கள் வெள்ளத்தால் அழிந்த செய்தி 34ஆம் அத்தியாயத்தில் வருகிறது. அத்தோட்டங்களுக்குப் பதிலாகக் கசந்த கனியுடைய கம்து, அஸ்ல், சிறிதளவு ஸித்ரு ஆகியவை கொடுக்கப்பட்டதாக 16ஆம் வசனம் கூறும். ஸித்ரு நம் இலந்தையின் இனம். கம்து என்பது அராக்கே என்பது இப்னு அப்பாஸ் (ரலி) முதலியோரின் விளக்கம். வளம் குன்றிய நிலத்தில் எஞ்சி நிற்கும் மரமாக இங்கே அது தோன்றுகிறது. தமிழ்ப் புலவரும் அதனைப் பாலையில்தான் நிறுத்தினர். வளமுள்ள நிலத்தின் மரமாக அதனை எவரும் பாடவில்லை என்பது கவனத்திற்குரியது. தாமிரபரணியின் வண்டலால் கடல் பின்வாங்கி, கொற்கையும் பின்னர் பழையகாயலும் துறைமுகம் என்ற நிலையை இழந்த கதையை அறிந்தவர்க்கு, அந்த உவர்மண்ணில் இம்மரம் நிற்பது பொருத்தமாகவே படும்.

அரபு நாட்டுக்கும் நம் கரைக்கும் இடையே இதைவிட நெருங்கிய ஒப்புமை ஒன்று உண்டு. உலகின் பழம்பெரும் முத்துச்சலாபங்கள் இரண்டு கடல்களில் இருந்தன: பாரசீக வளைகுடா, மன்னார் வளைகுடா. இரண்டின் கரைகளும் மழை குறைந்தவை. மணலும் உவரும் மிக்கவை. இரண்டிலும் இம்மரம் இயல்பாக வளர்கிறது. நம் எதிர்க்கரையான இலங்கையின் மன்னார்ப் பகுதியிலும், தென்கிழக்கே யால வனத்திலும் அது உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைச் சலாபங்களுக்கு அரபு முத்துக்குளிப்போர் வந்து மூழ்கினர். தம் ஊர்க்கரையில் கண்ட அதே மரத்தை இக்கரையிலும் அவர்கள் கண்டிருக்கக்கூடும். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. மரம் மட்டும் நிற்கிறது.

ஆனால் அதன் அறிவியற் பெயரைப் பாருங்கள்: சால்வடோரா பெர்சிகா. பாரசீகத்துக்குரியது என்று பொருள். லோரான் கார்சின் என்னும் மருத்துவர் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்தவர். பாரசீக வளைகுடாப் பகுதியில் கண்ட இம்மரத்தைப் புதிய பேரினமாக அவர் விவரித்த கட்டுரை 1749இல் இலண்டன் ராயல் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. பார்சிலோனா நகர மருந்தாளர் சால்வடோரின் நினைவாக அவர் வைத்த பெயரை ஏற்று, லின்னேயஸ் 1753இல் பெர்சிகா என்ற அடையைச் சேர்த்தார். அதே ஒல்லாந்தக் கம்பெனிதான் 1658 முதல் தூத்துக்குடியைத் தன் வசம் வைத்திருந்தது. கம்பெனி மருத்துவர் ஒருவர் அவ்வூரின் உப்புக்கழி ஓரமாக ஒரு மாலை உலாவியிருந்தால் பெயர் வேறாகியிருக்கும். ராக்ஸ்பரோ 1795 முதல் வெளியிட்ட சோழமண்டலக் கரைத் தாவரங்கள் நூலின் முதல் தொகுதியிலேயே இம்மரம் இடம்பெற்றது. அதற்குள் பெர்சிகா என்ற பெயர் நிலைபெற்றுவிட்டது.

பெயர் மட்டும் குற்றவாளியன்று. இரண்டு நூலடுக்குகளும் நம்மவர் வீடுகளில் அடுத்தடுத்து இருந்தும் ஒன்றையொன்று அறியாமல் இருந்தன என்பதே என் கணிப்பு. நம் ஷாஃபிஈ மத்ரஸாக்களில் ஓதப்படும் ஃபத்ஹுல் முஈன் 16ஆம் நூற்றாண்டில் பொன்னானியின் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) இயற்றியது. மிஸ்வாக்குக்குரிய குச்சிகளுள் அராக்கே மேலானது என்று அந்நூல் கூறுகிறது. மழைவளம் மிக்க மலபார்க் கரை அம்மரத்துக்கு ஏற்ற நிலமன்று; அங்கே அச்சொல் ஏட்டுச்சொல்லாகவே இருந்திருக்கும். காயலிலோ கீழக்கரையிலோ அதே வரியை ஓதிய மாணவருக்கு நிலைமை வேறு. ஊரெல்லையைத் தாண்டினால் மரம். ஆயினும் ஏட்டிலுள்ள அராக்கும் எல்லையிலுள்ள உகாவும் ஒன்றென்று சொல்லித்தரும் அகராதி அவர் கையில் இல்லை. மறுபுறம் குறுந்தொகையைப் பதிப்பித்தும் உரையெழுதியும் தமிழறிஞர் வெளியிட்டதெல்லாம் 20ஆம் நூற்றாண்டில், உ. வே. சாமிநாதையரின் பதிப்பு 1937இல் வந்தது. சங்கநூல் அதற்குமுன் பெரும்பாலோர்க்கு எட்டாப் பொருள்.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள எட்டயபுரத்தோடு தொடர்புடைய உமறுப்புலவரின் சீறாப்புராணம் இவ்விடத்தில் நினைவுக்கு வருவது இயல்பு. அரபு நாட்டைத் தமிழ்க் காப்பிய மரபுப்படி மழையும் ஆறும் வயலும் மலிந்த நாடாக அவர் வருணித்ததை இலக்கிய ஆசிரியர் பலர் பாராட்டியுள்ளனர். சிலர் குறையும் கூறியுள்ளனர். குறை கூறுவதில் எனக்கு உடன்பாடில்லை, காப்பியத்துக்கு அதன் மரபு உண்டு. ஆனால் மருதநிலத்து நெல்லையும் கரும்பையும் கொண்டு இரு நாடுகளையும் இணைக்க முயன்ற மரபின் பார்வையில் படாத ஓர் உண்மையான இணைப்பு, பாலைத்திணைக்குள் இருந்தது.

இப்போது அம்மரத்தின் நிலை என்ன? வேம்பார் முதல் காயல்பட்டினம் வரையுள்ள உவர்நிலத்தின் பெரும்பகுதி உப்பளங்களாகிவிட்டது. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டுக்கு உப்பு வழங்குவது இக்கரையே. எஞ்சிய நிலத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. 1870களின் பிற்பகுதியில் சென்னை மாகாண வனத்துறையினர் விறகுக்காக விதை தருவித்து அறிமுகப்படுத்திய அந்த அமெரிக்க மரம், உவரையும் வறட்சியையும் தாங்குவதில் உகாய்க்கு நிகரானது. பரவும் வேகத்தில் அதனை விஞ்சியது. அதனை அகற்றுமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரைக்கிளை 2017இல் ஆணையிட்டபோது, மாவட்டந்தோறும் எந்திரங்கள் இறங்கின. எந்திரத்துக்குச் சீமைக்கருவேலமும் தெரியாது, அதனோடு பின்னிக்கிடக்கும் உகாவும் தெரியாது. பெயர் மறந்த மரத்தை வெட்டவேண்டாமென்று யார் தடுப்பார்?

ஊருக்குள் வந்தால் காரணம் வேறு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்மக்களுக்கு வீடு கொடுப்பது நெடுநாள் வழக்கம். தாயின் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து தங்குவார். இதனால் ஒரு கொல்லையிலுள்ள மரம் உம்மாவிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேத்திக்கும் கைமாறும். மரங்களைப் பேணுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் இரண்டாவது மகளுக்கும் வீடு வேண்டும், மூன்றாவது மகளுக்கும் வேண்டும். புதிய வீடு பெரும்பாலும் பழைய வீட்டின் கொல்லையில்தான் எழும். பெண்கள் நடமாடும் முடுக்குகள் இருபுறமும் சுவர்களாகி நீண்டதும், கொல்லைகள் சுருங்கியதும் இப்படித்தான். எஞ்சிய நாலு முழ மண்ணில் முருங்கையும் மருதாணியும் கறிவேப்பிலையும் இடம்பிடிக்கின்றன. நிலத்தடி நீர் உவர்த்துவிட்ட இடங்களில் அவையும் கருகுகின்றன. உவர்நீர் பாய்ந்த மண்ணில் எதுவும் முளைக்காது என்று கைவிட்டுச் சிமெண்டு பூசிவிட்ட கொல்லைகளை இவ்வூர்களில் காணலாம். அந்த மண்ணுக்கென்றே ஒரு மரம் உண்டு என்பது அவ்வீட்டாருக்குச் சொல்லப்படவில்லை.

உகாய் உப்பை விரும்பும் மரம் என்று சொல்வது மிகை. தாங்கும் மரம் என்பது சரி. குஜராத்தின் உவர் கரிசல் நிலங்களில் வேறெதுவும் விளையாத இடங்களில் மத்திய மண் உவர்மை ஆய்வு நிறுவனத்தார் இதனைப் பயிரிட்டுக் காட்டியுள்ளனர். அங்கே பீலு என்று பெயர். விதையின் எண்ணெய் சோப்புக்கு ஆகும். உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் மிஸ்வாக்கைப் பல்நலத்துக்குப் பரிந்துரைத்ததை நம் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதனைக் கொல்லையில் வளர்க்கலாம் என்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

வளர்ப்பது கடினமன்று. நன்கு பழுத்த கனியை எடுத்துச் சதையைக் கழுவி நீக்கிவிட வேண்டும்; சதையோடு விதைத்தால் முளைப்பு தடைபடும். விதையை நாட்கணக்கில் காயவைத்துச் சேமிப்பது பயன் தராது, புதிதாகவே விதைக்க வேண்டும். முதிர்ந்த புதரின் அடியில் வேரிலிருந்து கிளைக்கும் கன்றைப் பிரித்தும் நடலாம். மணல் கலந்த மண், முழு வெயில், முதலாண்டில் அளவான நீர் ஆகியவை போதும். ஒளுச் செய்யும் நீர் வழிந்தோடும் மூலை அதற்கு ஏற்ற இடம். தானாக விட்டால் கிளைகள் தரையைத் தொட்டுப் புதராகும். இடமில்லாத வீட்டார் அடிக்கிளைகளைக் கழித்து ஒற்றைத் தண்டாக ஏற்றலாம். வளர்ச்சி மெதுவானது. ஓராண்டில் நிழல் வேண்டுவோர் பூவரசை நட்டுக்கொள்வது நல்லது.

பற்குச்சிக்கு வேரையே பெரிதும் விரும்புவர். எனினும் இளமரத்தின் வேரைத் தோண்டலாகாது. பென்சில் பருமனுள்ள கிளையும் அதற்குப் போதும். மரம் முதிர்ந்தபின் ஒருபுறத்துப் பக்கவேர் ஒன்றை வெட்டியெடுத்து மண்ணை மூடிவிட்டால் மரத்துக்குக் கேடில்லை. தொடர்ந்து ஒரே பக்கத்தில் வெட்டுதல் கூடாது. கழிமுகத்தில் இயற்கையாய் நிற்கும் மரங்களை வேரோடு பெயர்த்துக் கொண்டுவருவது எவ்வகையிலும் ஒப்புக்கொள்ளத்தக்கதன்று. அங்கிருந்து கொண்டுவரவேண்டியது விதை மட்டுமே. உகாய்க்கு உறவான சங்கஞ்செடி வேலியோரங்களில் முள்ளோடு நிற்பதைப் பலர் அறிவர். இவ்விரண்டின் இலையையும் தின்று வளரும் சிறு வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. வெளிர் செம்மஞ்சள் இறகுடையது. ஆங்கிலேயப் பூச்சியியலார் அதற்கு இட்ட பெயர் அராப், அதாவது அரபி! மரம் நட்ட வீட்டுக்கு அதுவும் வரும்.

பழுத்த கனி சிவந்தோ கறுத்தோ இருக்கும். கறுத்தவையே இனியவை என்ற சொல்லை இங்கும் சோதித்துப் பார்க்கலாம். விதைக்காகக் காத்திருப்போர் காலையில் சற்று முன்னதாகவே செல்ல வேண்டும். கனி பழுத்ததை நமக்கு முன்பே புறாவும் மைனாவும் அறிந்துகொள்கின்றன.